கல் நட்ட பிறகு கேட்கும் கேள்வி

(மாவட்ட வழக்கறிஞர் சங்கம் ஒன்றில் இளம் வழக்கறிஞர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பெருந்திட்டங்களும் சுற்றுச்சூழல், நிலச் சட்டங்களும்" என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். அதை முழுக்கப் பேசினால் விடிந்துவிடும். நான் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நெடுஞ்சாலையோ விமான நிலையமோ வருகிறது. நிலத்தை எடுப்பது முதலிலா, அந்தத் திட்டத்தால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று பார்ப்பது முதலிலா? இந்தத் துறையில் நீங்கள் எந்தக் கட்டைப் பிரித்தாலும் உள்ளே இந்த வரிசைச் சண்டைதான் இருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த வழக்கு, சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை. பாரத்மாலா திட்டத்தில் சுமார் 277 கிலோமீட்டர். மதிப்பீடு ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று அன்றைய கணக்கில் ஐந்து மாவட்டங்கள். 2018இல் வயல்களில் கல் நட்டபோது அந்த ஊர்க்காரர்களில் பலருக்கு இது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நடக்கிறது என்பது தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது, அதையும் சொல்லிவிடலாம்.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956. அதில் 2(2) பிரிவின்படி இந்தத் தடம் தேசிய நெடுஞ்சாலை என்று அரசு அறிவிக்கும். 3ஏ பிரிவில், இன்னின்ன சர்வே எண்களை எடுக்க உத்தேசித்திருக்கிறோம் என்று அரசிதழில் வரும். 3சி-யில் 21 நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். 3டி-யில் இறுதி அறிவிப்பு. அது வெளியானதும் நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசுக்குப் போய்விடும். பிறகு 3ஜி-யில் இழப்பீடு. இந்தப் படிகளில் ஏறி இறங்கிப் பாருங்கள், சுற்றுச்சூழல் எங்கேயும் தட்டுப்படாது. அது வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் 2006 செப்டம்பர் 14ஆம் தேதி வந்த தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. இரண்டு தண்டவாளங்கள். எது முந்த வேண்டும் என்று இரண்டிலும் தெளிவாக எழுதவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.எஸ்.சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு 2019 ஏப்ரல் 8ஆம் தேதி நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. இப்படிப்பட்ட ஒரு திட்டத்தில் நில எடுப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. ஊர்களில் பட்டாசு வெடித்தார்கள். 2020 டிசம்பர் 8ஆம் தேதி நீதிபதி ஏ.எம்.கன்வில்கர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாற்றியது. 2(2), 3ஏ அறிவிக்கைகள் வெளியிடுவதற்கு முன்பு சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. வேலையைத் தொடங்கும் முன்பு இருந்தால் போதும் என்றது.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் சட்ட வாசகத்தைப் படித்தால் உச்ச நீதிமன்றத்தின் பக்கம் பலமாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2006 அறிவிக்கையின் இரண்டாம் பத்தியே, கட்டுமானத்தையோ நிலத்தைத் தயார் செய்வதையோ தொடங்கும் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டு, நிலத்தைக் கைவசப்படுத்துவதை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அந்த விலக்கு நம் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எப்போதும் இருக்கும். மேடையில் ஆவேசமாகப் பேசுகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் "மாற்று வழிகளின் ஆய்வு" என்று ஓர் அத்தியாயத்துக்கு இடம் உண்டு. வேறு இடம் இருக்கிறதா, வேறு தடம் இருக்கிறதா, இருக்கிற சாலையை அகலப்படுத்தினால் போதாதா என்று பார்க்கிற அத்தியாயம் அது. அந்த அறிக்கைக்கு உயிரே அதுதான். ஆனால் 3ஏ அறிவிக்கை சர்வே எண் சர்வே எண்ணாகத் தடத்தை முடிவு செய்து அரசிதழில் அச்சேற்றிவிட்ட பிறகு, எந்த ஆலோசகர் "இந்தத் தடம் சரியில்லை, பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போங்கள்" என்று எழுதுவார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? திட்டத்தைக் கொண்டுவருபவர். தாலி கட்டிய பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்க உட்காருவதுதான் இது. பத்துக்குப் பத்து என்று எழுதிக் கொடுக்காத ஜோசியர் யார்?

இதே வழக்கில் இரண்டு நீதிமன்றங்களும் ஒத்துப்போன ஓர் இடம் உண்டு. நாளிதழ்கள் அதைப் பெரிதாக எழுதவில்லை. தொழில் செய்பவர்களுக்கு அதுதான் முக்கியம். 3ஏ என்பது வெறும் உத்தேசம். நிலம் இன்னும் விவசாயியுடையது. ஆனால் வருவாய்த் துறை அதை நம்பியே ஆவணங்களில் உடைமைப் பதிவை மாற்றிவிட்டது. உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லி, பழையபடி உரிமையாளர் பெயருக்கே மாற்ற உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் அந்தப் பகுதியை அப்படியே நிலைநிறுத்தியது. பட்டாவில் பெயர் போனால் பயிர்க்கடன் போகும், பிள்ளை கல்யாணத்துக்கு அடமானம் வைக்க முடியாது. தீர்ப்பு வரும் முன்பே ஒரு குடும்பத்தைத் தோற்கடிக்கிற விஷயம் இது. ஆகவே நில எடுப்புக் கட்டு எது வந்தாலும் முதல் வேலையாக இன்றைய தேதிக்கு ஒரு சிட்டா எடுங்கள்.

சரியான வரிசையை நாடாளுமன்றம் ஒரு முறை எழுதிக் காட்டவும் செய்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதில் முதல் படியே சமூகத் தாக்க மதிப்பீடு. ஊரோடு கலந்து பேசி, எத்தனை குடும்பம் பாதிக்கப்படும், கேட்கிற அளவு நிலம் உண்மையிலேயே தேவையா, வேறு இடம் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் முதனிலை அறிவிக்கை. தனியார் திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினர், அரசும் தனியாரும் சேர்ந்தது என்றால் 70 சதவீதத்தினர் ஒப்புதல் தர வேண்டும். படிக்கும்போது மனசு நிறையும். அப்புறம் 105ஆம் பிரிவுக்கும் நான்காவது அட்டவணைக்கும் வருவீர்கள். 13 மத்தியச் சட்டங்களுக்கு இந்தப் படிகள் பொருந்தாது என்று அங்கே இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் அதில் ஒன்று. இழப்பீட்டுக் கணக்கும் மறுவாழ்வு, மறுகுடியமர்வு ஏற்பாடுகளும் மட்டும் பிற்பாடு அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டன. பணம் கூடியது, கேள்வி கூடவில்லை.

தமிழ்நாடு சும்மா இருக்குமா? 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, மாநிலத்தின் மூன்று சட்டங்களுக்கும் விலக்கு வாங்கியது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டம், 2001ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டம். சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. அதே மாதத்தில் சட்டமன்றம் அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2021 ஜூன் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நில எடுப்பு அறிவிக்கைகள் வந்தது இந்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியேதான். ஆளும் கட்சி மாறினாலும் இந்த விஷயத்தில் கோட்டையின் மனசு மாறுவதில்லை.

நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள் என்பதற்கு இன்னும் பழைய சாட்சி உண்டு. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. நாகப்பட்டினம் பக்கத்து வயல்களும் கிணறுகளும் உப்பாகிப் போன கதை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் போட்டு, அந்தத் தடையின் அடித்தளத்தையே உருவிவிட்டது.

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வருகிறேன். நான் இரண்டு பக்கமும் வக்காலத்துப் போட்டவன். கம்பெனிக்கு ஆஜரானவன் என்று யாராவது குறைசொன்னால் கவலைப்படுவதில்லை. ஒழுங்காக ஆலோசனை சொல்லும் திட்ட வக்கீல் ஒருவர் காப்பாற்றும் ஏரியைப் பத்து ரிட் மனுவாலும் காப்பாற்ற முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு.

திட்டக்காரர் உங்கள் அலுவலகத்துக்கு வரும்போது வண்ண வரைபடத்தோடு வருவார். அதை ஓரமாக வையுங்கள். தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, சர்வே எண் சர்வே எண்ணாகப் பாருங்கள். எங்கே ஓடைப் புறம்போக்கு, எங்கே மேய்க்கால், எங்கே வாய்க்கால், எங்கே மயானப் பாதை. கம்பெனியின் வரைபடத்தில் "காலி நிலம்" என்று பச்சை அடித்திருப்பது அ-பதிவேட்டில் ஏரி உட்பகுதியாக இருக்கும். பொது நிலங்களைப் பற்றி ஜக்பால் சிங் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மறந்து, "ஆக்கிரமித்து விட்டோம், வரன்முறை செய்துகொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்தக் கட்சிக்காரரை வேறு வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது தூரம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் திட்டமிட்டார்கள். நாட்டின் பெரிய விஞ்ஞானிகள், அரசின் முழு ஆதரவு. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. காரணம் அணுத்துகள் இல்லை. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருந்தது. அப்படி இருந்தால் திட்டத்தின் வகையே மாறும், பரிசீலிக்கும் குழுவும் மாறும். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் பூங்கா கண்ணில் படாமல் போகுமா? 2018இல் வேறு வழியில் அனுமதி வாங்கினார்கள். சுரங்கம் இன்றுவரை தோண்டப்படவில்லை.

கோவாவில் மோபா விமான நிலையம். விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் சுற்றியுள்ள காடுகளையும் சூழல் உணர்திறன் மிக்க இடங்களையும் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லவில்லை என்று 2019 மார்ச் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்து, நிபுணர் மதிப்பீட்டுக் குழுவிடம் திருப்பி அனுப்பியது. மறுபரிசீலனை முடிந்து 2020 ஜனவரியில்தான் தடை நீங்கியது. இந்த மாதங்களுக்கு வங்கி வட்டி எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். உங்கள் கட்சிக்காரர் படிவத்தை மறுபடி நிரப்ப உடனே சம்மதிப்பார். பொய்யான தகவல் கொடுத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அதே 2006 அறிவிக்கையின் எட்டாம் பத்தி சொல்கிறது. இன்னொரு மாநிலத்துத் திட்டத்துக்கு எழுதிய அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவரும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் வளராத மரம் பட்டியலில் இருந்தால் கண்டுபிடிக்க வக்கீல் தேவையில்லை, ஆடு மேய்ப்பவர் போதும்.

ஆக, உண்மையான களம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். இதில் சற்று நிற்கிறேன்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடந்ததன் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இவ்வளவும் நல்ல விதிகள். ஒன்றை மட்டும் அடிக்கோடிடுங்கள்: இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி கிடையாது. ஊரே புறக்கணித்து வெளிநடப்புச் செய்தாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். கோபத்தில் வெளிநடப்புச் செய்வது எனக்கும் புரிகிறது. ஆனால் அன்று பதிவில் நிற்பது, பந்தலில் மிச்சமிருந்த நாலு பேர் "எங்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும்" என்று சொன்னது மட்டும்தான்.

இந்த மொழி விஷயத்தில் ஒரு சம்பவம். 2020இல் புதிய தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு வரைவு வெளியிட்டார்கள். ஆங்கிலம், இந்தி இரண்டில் மட்டும். நாடு முழுக்கக் கருத்துக் கேட்கிறார்கள், ஆனால் பல கோடிப் பேருக்குப் படிக்க வராத மொழிகளில். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதி உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு வரைவைத் தமிழில் தருவதற்கு இவ்வளவு தயக்கம் என்றால், உங்கள் ஊர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தின் அறிக்கைச் சுருக்கம் எப்படிப்பட்ட தமிழில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வழக்கறிஞருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எழுத்து. பேசியது காற்றில் போகும். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சொல்லியாக வேண்டும். மக்கள் எழுப்பிய முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகள் அனைத்துக்கும் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் தர வேண்டும். நிபுணர் குழு அதைப் பரிசீலித்ததற்கான காரணங்கள் பதிவில் தெரிய வேண்டும் என்று உத்கர்ஷ் மண்டல் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இலேயே சொல்லியிருக்கிறது. கிணற்றின் ஆழம், கோடையில் தண்ணீர் மட்டம், ஓடை எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரியில் எத்தனை ஏக்கர் பாசனம். இவற்றைச் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்தால் மேல்முறையீட்டில் அதுவே உங்கள் ஆவணம். 3சி ஆட்சேபணைக்கும் இதே விதிதான். "இதுதான் எங்கள் ஒரே வாழ்வாதாரம்" என்று ஒரே வாசகத்தை நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதிகாரி ஒரே வரியில் நூறையும் தள்ளுவார். 3சி-யில் வழக்கறிஞர் மூலமாகவே ஆஜராகலாம் என்று சட்டமே சொல்கிறது. அந்த 21 நாளில் நம் அலுவலகத்துக்கு வருபவர்கள் மிகக் குறைவு. இழப்பீட்டுத் தொகை வந்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது பேச மிச்சமிருப்பது ரூபாய் மட்டும்.

எங்கே போவது என்பதிலும் குழப்பம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010இன் முதல் அட்டவணையில் ஏழு சட்டங்கள்தான். நில எடுப்பு அதில் இல்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்கூட இல்லை. ஆகவே ஒரே வயலின் சுற்றுச்சூழல் அனுமதிக்குத் தீர்ப்பாயம், நில எடுப்புக்கு உயர் நீதிமன்றம், நெடுஞ்சாலை இழப்பீடு போதாது என்றால் நடுவர், அதன்மேல் மாவட்ட நீதிமன்றம். விவசாயி நான்கு வக்கீலுக்குப் படி ஏற வேண்டும். தீர்ப்பாயத்தில் அறிவியலுக்குள்ளேயே போய் வாதாடலாம். ரிட் மனுவில் அந்தச் சுதந்திரம் குறைவு. அதற்கு விலையாகக் காலக்கெடு கண்டிப்பானது. அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

வரிசைச் சண்டையின் கடைசி அத்தியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்த பிறகு வாங்கும் அனுமதி செல்லுமா? 2017இல் ஓர் அறிவிக்கை, 2021இல் ஒரு குறிப்பாணை மூலம் அரசு அதற்கு வழி செய்தது. வனசக்தி வழக்கில் 2025 மே 16ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அவற்றை ரத்து செய்தது, மூச்சு விட்டோம். அதே ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி மூவர் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கட்டிய மருத்துவமனையையும் விமான நிலையத்தையும் இடிப்பது பொதுப் பணத்துக்குக் கேடு என்பது பெரும்பான்மையின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் முன் அனுமதி இல்லாமலே கட்டிவிடலாம், பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற கணக்கு ஒருமுறை கம்பெனிகளுக்குப் பழகிவிட்டால், இன்று நான் பேசிய எந்த விதிக்கும் பல் இருக்காது. சிறுபான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி உஜ்ஜல் புயான் பக்கம்தான் நான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தில் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அடுத்த விளம்பரம் வரும்போது அதைக் கத்தரித்து சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வக்காலத்து இல்லாவிட்டாலும் போங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் வரைவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஊர்க்காரர்கள் சொல்வதைத் தமிழில், சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்குத் தேதி போட்ட ஒப்புகை வாங்காமல் பந்தலை விட்டு வெளியே வராதீர்கள்.